ஒப்படைத்துவிட்டு வர இயலாத வைத்தியம்

ஆடி அமாவாசை நெருங்கும் நாட்களில் பாபநாசத்தில் வந்து இறங்குகிற குடும்பங்களுள், தாமிரபரணியில் முழுகி, பாபநாசநாதரைத் தரிசித்து, அங்கிருந்து மலைப்பாதையில் ஏறிக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் சந்நிதிக்குப் போய் நேர்ச்சை செலுத்துகிறவர்கள் அநேகர். கல்யாணம், கடன், வியாதி, வழக்கு என்று அவர்கள் வேண்டிக்கொள்ளும் காரியங்கள் பலவிதம். வீட்டில் அடங்காத பிள்ளைக்கு நல்ல புத்தி கொடுக்கும்படி வேண்டிக்கொள்கிற தாயும் அந்தக் கூட்டத்தில் இருப்பாள் என்று எண்ணுவது மிகையாகாது. படித்துறையில் ஸ்நானம் செய்கிறவர்களிற் பலர் பரிகாரமென்று உடுத்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். அப்படி விடப்படுகிற துணிகளைத் தொண்டர்கள் டன் கணக்கில் வாரி எடுக்க நேர்ந்திருப்பது ஆற்றின் துயரம். அதை இன்னொரு சமயம் பேசலாம். இங்கே நமக்கு வேண்டுவது அந்தச் செய்கையில் இருக்கும் ஆறுதல். தொல்லையைக் கழற்றி ஓரிடத்தில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்னும் ஆறுதல் அது. குழந்தையின் நடத்தைக் கோளாறுக்குச் சிகிச்சை தேடுகிற பெற்றோரிற் பெரும்பாலோர், கோயிலுக்குப் போனாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, மனத்தின் அடியில் நாடுவது அந்த ஆறுதலையே. கிடைக்கக்கூடிய சிகிச்சைகளிலோ, அந்த ஆறுதலைத் தராதவையே பெரும்பாலும் பலனளிப்பவையாக இருக்கின்றன.

பாபநாசத்தின் அடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரம் இருக்கிறது. ஹார்வி சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவிய பஞ்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஆற்றோரமாகவே திருநெல்வேலி வரையில் செல்லும் சாலையின் இருபுறமும், வயலிலும் ஆலையிலும் உழைக்கும் ஆடவர்களும், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களுமாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. இத்தகைய ஒரு வீட்டில் எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கற்பனை செய்துகொள்வோம். "ஒரு எடத்துல ஒக்கார மாட்டேங்கான், சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்கான், தங்கச்சியப் போட்டு அடிக்கான்" என்று தாய் சொல்லுவாள். "எல்லாம் நீ கொடுத்த செல்லம்" என்று தகப்பன் சொல்லுவான். "இவம் அப்பனும் இந்த வயசுல இப்படித்தாம்ல இருந்தான்" என்று ஆச்சி சிரிப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து மூன்றாவது முறையாக ஆள் வரும்போது சிரிப்பு நின்றுவிடும். அதன் பிறகு மந்திரித்த கயிறு, திருநீறு, வேறு பள்ளிக்கூடம், விடுதி, மாத்திரை என்று எது முன்னே வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்கிற ஓட்டம் ஆரம்பமாகும். அந்த ஓட்டத்தைச் சற்று நிறுத்தி யோசிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அடங்காமை என்பது ஒரு வியாதியின் பெயரன்று. பல வேறு காரணங்கள் வெளியே வந்து காட்டிக்கொள்ளும் ஒரே முகம். காது சரியாகக் கேளாத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத பிடிவாதக்காரனாகத் தோன்றும். செவிப்புலனற்ற குழந்தைகளுக்கென்று பிளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் பள்ளி தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. எனினும் காதைப் பரிசோதிப்பதற்கு முன்பு கன்னத்தில் அறைகிற வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. வலிப்பு நோயில் ஒரு வகை உண்டு. கை கால் வெட்டி இழுக்காது, வாயில் நுரை வராது, சில விநாடிகள் கண் நிலைகுத்தி நிற்பதோடு சரி. ஆசிரியர் கண்ணுக்கு அது பாடத்தைக் கவனியாத அலட்சியம். மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியால் இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூக்கம் கெட்ட குழந்தை பகலில் சிடுசிடுக்கும். ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையும் அப்படியே. எழுத்துக்கள் கண்ணுக்குப் பிடிபடாத கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை, வாசிக்கச் சொல்லுகிற நேரத்தில்தான் பக்கத்துப் பையனைக் கிள்ளும். வெளியே அனுப்பப்படுவது அதற்குத் தண்டனையல்ல, விடுதலை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கூட்டமும் இரைச்சலுமே தாங்க முடியாத உபாதை. இவற்றுக்கு மேலே, வீட்டில் நடந்த ஒரு மரணம், தகப்பனின் குடி, வெளியே சொல்ல முடியாதபடி யாரோ இழைத்த பாலியல் கொடுமை ஆகியவற்றைக் குழந்தைகள் சொற்களால் சொல்லுவதில்லை; நடத்தையால் சொல்லுகின்றன. பெரியவர்களின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படும். பிள்ளைகளிடத்தில் அது அடிக்கடி கோபமாகவே வெளிப்படும்.

ஆகவே, முதற் சந்திப்பில் மருத்துவர் எத்தனை கேள்விகள் கேட்கிறார் என்பதே அவருடைய வைத்தியத்துக்கு முதல் அளவுகோல். கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு என்று தீர்மானிக்க வேண்டுமானால், அந்த லட்சணங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். வீட்டில் மட்டும், அல்லது பள்ளியில் மட்டும் என்று இல்லாமல், இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும் என்பது சாஸ்திரம் விதிக்கிற நிபந்தனை. வீட்டில் சாந்தமாகவும் பள்ளியில் மட்டும் மூர்க்கமாகவும் இருக்கிற பிள்ளையானால் விசாரணை நடக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். ஆசிரியரிடமிருந்து ஒரு கடிதமாவது கேளாமல், பேறுகாலம் எப்படியிருந்தது, எப்போது பேசினான், எப்படித் தூங்குகிறான் என்று விசாரியாமல், ஐந்து நிமிஷத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கிறவர் எவ்வளவு கீர்த்தி பெற்றவரானாலும், இன்னொருவரிடம் போவதில் அபசாரம் ஒன்றுமில்லை.

எங்கே போவது என்பது மலையடிவாரத்து ஜனங்களுக்குச் சாமானியமான கேள்வியன்று. மாவட்ட மனநலத் திட்டம் தேசத்தில் 1996-இல் தொடங்கியது. மனநல மருத்துவர் ஊரைத் தேடி வரவேண்டும் என்பதே அதன் கருத்து. அவர் குறிப்பிட்ட தினங்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வருவதுண்டாகையால், அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டு போவது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும். அதற்கு மேல் தேவைப்பட்டால், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில், 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; குழந்தை வைத்தியம், காது மூக்கு தொண்டை, நரம்பியல், மனநலம் ஆகிய எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருப்பது, மேலே சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பதற்கு மிகவும் வசதி. 2013 முதல் பிறப்பிலிருந்து பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பரிசோதிக்கிற ஒரு மத்திய திட்டமும் உண்டு. வளர்ச்சித் தாமதத்தை அந்தக் குழுவினர் சொன்னால் அதை அலட்சியம் செய்யலாகாது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், விபத்தால் கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்கான ஆரம்பகால சிகிச்சையைக் குடும்பத்தாரையே மையமாக வைத்து நடத்தி வருகிறது. பேசுவதற்கு மட்டும் ஒருவர் வேண்டுமானால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண், எந்த நேரமும் தமிழில் பதில் சொல்லுகிறது.

யார் யார் எத்தகையவர் என்பதையும் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவம் கற்று, அதன்மேல் மனநோய் வைத்தியத்தில் பட்டம் பெற்றவர். மருந்து எழுத வேண்டியவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. பரிசோதனைகள் செய்வதும், பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை நடத்துவதும் அவர் தொழில். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டால் மரியாதையுள்ள எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். சில நாட்கள் பயின்ற சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, ஆலோசகர் என்று பலகை எழுதி வைத்தவர்களும் உண்டு. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

இனிச் சிகிச்சையின் உள்ளே நுழைவோம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்னும் உளவியலாளர், முரட்டுத்தனம் மிகுந்த பிள்ளைகளின் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, தாய் என்ன சொன்னாள், பிள்ளை என்ன செய்தது, அதன்மேல் தாய் என்ன செய்தாள் என்று வரிசை பிசகாமல் குறிக்கச் செய்தார். 1982-இல் அவர் புத்தகமாக வெளியிட்ட முடிவு, நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதியதுபோல் இருக்கும். செல்பேசியை வைத்துவிட்டுப் படிக்கும்படி தாய் சொல்லுகிறாள், பிள்ளை சிணுங்குகிறது. அதட்டுகிறாள், கத்துகிறது. கையை ஓங்குகிறாள், தரையில் புரண்டு தலையை மோதிக்கொள்கிறது. ஆயிரம் பீடியை மாலைக்குள் முடித்துக் கடையில் சேர்க்க வேண்டிய தாய், "என்னமும் செய்து தொல" என்று விட்டுவிடுகிறாள், பிள்ளை அமைதியாகிறது. இந்தக் கடைசிக் கணத்தில் இருவருக்கும் பரிசு கிடைத்துவிட்டது: புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது, விட்டுக்கொடுத்தால் இரைச்சல் நிற்கும் என்று தாய் கற்றுக்கொண்டாள். மறு நாள் தகப்பன் வீட்டிலிருக்கிறான், அவன் அடிக்கிறான், பிள்ளை அடங்குகிறது. அடித்தால் அடங்கும் என்று அவனும் கற்றுக்கொள்கிறான், பலமுள்ளவன் பலமற்றவனை அடிக்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. தங்கையின் முதுகில் அந்தப் பாடம் இறங்குகிறது. இதில் ஒருவரும் கெட்டவரல்லர். களைத்துப்போன மனிதர்கள், ஒருவர்க்கொருவர் அறியாமலே ஆசிரியராகி, வேண்டாத பாடத்தை நாள்தோறும் நடத்துகிறார்கள்.

இந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததுதான் பெற்றோர் பயிற்சி என்னும் சிகிச்சை. வெவ்வேறு தேசங்களில் வெவ்வேறு பெயர்களில் வழங்கினாலும் அதன் சாரம் ஒன்று. சில வாரங்கள், வாரம் ஒரு முறை, பெற்றோர் உளவியலாளருடன் அமர்கிறார்கள். பிள்ளை நல்லபடியாக இருக்கிற சொற்ப நேரத்தை, அப்போதுதான் நிம்மதியென்று விட்டுவிடாமல், அந்தக் கணத்திலேயே கண்டுகொண்டு பாராட்டுவது முதற்பாடம். "ஒழுங்கா இரு" என்று பொதுப்படச் சொல்லாமல், "பையை ஆணியில் மாட்டு" என்று ஒரே ஒரு காரியத்தை, அருகில் போய், கண்ணைப் பார்த்துச் சொல்லுவது அடுத்தது. சிறு சிணுங்கலைக் காணாதது போல் விடுவது, பெரிய தவறுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்த சிறிய விளைவைக் கோபமின்றித் தவறாமல் நிறைவேற்றுவது, தினம் பத்து நிமிஷம் கட்டளையில்லாமல் பிள்ளையோடு விளையாடுவது என்று பாடங்கள் தொடரும். கேட்பதற்கு மிக அற்பமாகத் தோன்றும் இந்த விஷயங்கள் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் எதிர்ப்புக் குணத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் உலகெங்கும் மிக அதிகமாகச் சோதிக்கப்பட்டுத் தேறிய சிகிச்சை. செய்து பார்த்தால்தான் இதன் கடினம் தெரியும். பழைய வழி அடைபட்டதும், சில நாட்களுக்குப் பிள்ளையின் கத்தல் முன்னிலும் அதிகமாகும்; அந்த வாரத்தில்தான் அநேகர் கைவிட்டுவிடுகிறார்கள். தாய் ஒரு விதமும் ஆச்சி ஒரு விதமுமாக நடந்தாலும் பயன் கெடும். ஆகையால் ஆச்சியையும் ஒரு முறை அழைத்துப் போவது உத்தமம்.

மாத்திரையின் கதை வேறு. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சார்லஸ் பிராட்லி என்னும் வைத்தியர், ஊக்க மருந்து ஒன்று சில பிள்ளைகளைச் சாந்தப்படுத்திப் பாடத்தில் ஈடுபடச் செய்ததை 1937-இல் எழுதினார். அதே வருஷத்தில் பம்பாயில், டாட்டா குடும்பத்தின் கொடையால் ஏற்பட்ட சமூகப்பணிக் கல்விச்சாலை, இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டி நிலையத்தைத் தொடங்கியது. மருந்தும் பேச்சுமாகிய இரண்டு மார்க்கங்களையும் பகையாளிகளாகப் பேசுவது பிற்காலத்தில் வழக்கமாயிற்று; அவை பகையல்ல என்பதே 579 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 1999-இல் வெளிவந்த பெரிய ஆய்வின் தாற்பரியம். கவனக்குறைவு, மிகை இயக்கம் ஆகிய லட்சணங்களுக்குப் பதினான்கு மாத முடிவில் கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்தே நடத்தைப் பயிற்சியை விட மேலாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மருந்தின் அளவு குறைவாகப் போதுமாயிருந்தது. மூன்றாண்டுகள் கழிந்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது என்பதையும் அதே ஆராய்ச்சியாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் பெற்றோர் பயிற்சி, அது போதாதபோதுதான் மருந்து என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. மிதைல்பெனிடேட் என்னும் முக்கியமான மருந்து நம் தேசத்தில் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. எல்லாக் கடைகளிலும் இராது. பசியும் தூக்கமும் குறையலாமாதலால் எடையையும் உயரத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆத்திரத்தை அடக்கக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் போன்றவை அதற்கு நேர்மாறாக உடம்பைப் பெருக்கச் செய்யலாம். இந்த மருந்து எந்த லட்சணத்துக்கு, எத்தனை நாளில் பலன் தெரியும், எப்போது நிறுத்தலாம் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முதல் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். பிள்ளைக்குச் சித்த மருந்தோ நாட்டு மருந்தோ கொடுத்து வந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. பாஸ்டன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் ஊர்களில் 1939-இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர்களை இரண்டு சம பாதியாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் வீடு தேடி வரும் ஆலோசகர், பாட உதவி, வைத்தியம், கோடைகால முகாம் என்று சராசரி ஐந்து வருஷங்கள் அன்போடு உதவினார்கள். முப்பது வருஷங்களுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்னும் ஆராய்ச்சியாளர் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது, உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் குடி, கடுமையான மனநோய், சீக்கிர மரணம், மீண்டும் மீண்டும் குற்றம் ஆகிய பலவற்றில் அவர்களே உதவி பெறாதவர்களை விடத் தாழ்ந்திருந்தார்கள். பின்னர் கணக்கைப் பிரித்துப் பார்த்ததில், கோடை முகாமுக்கு ஒரு முறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடத்தே தீங்கு மிகுந்திருந்ததாகத் தெரிந்தது. முரட்டுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து வைத்தால், ஒருவன் செய்கிற விஷமத்துக்கு மற்றவர்கள் தருகிற சிரிப்பு, எந்த ஆசிரியரின் பாராட்டையும் விட வலிய ஊதியமாகிவிடுகிறது. கண்டிப்பான விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பையன் திருந்திவிடுவான் என்று எண்ணுகிற தகப்பன்மார் இந்த ஆராய்ச்சியைச் சற்றே யோசிக்கலாம். பிரம்பைச் சிபாரிசாகச் சொல்லுகிற பள்ளியானால் யோசிக்கவே வேண்டியதில்லை; 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் உடலையும் மனத்தையும் வதைக்கிற தண்டனையைத் தடை செய்திருக்கிறது.

அப்படியானால் அய்யனார் கோயில் நேர்ச்சை வீணா? நான் அப்படிச் சொல்லத் துணியேன். தமிழ்நாட்டுச் சிற்றூரொன்றில் முத்துசாமி கோயில் என வழங்கும் இடத்தில் தங்கியிருந்த கடுமையான மனநோயாளர் 31 பேரை, ஆர். ரகுராமும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து இல்லை, விசேஷச் சடங்குகளும் இல்லை. கோயிலைப் பெருக்குவதும் செடிக்குத் தண்ணீர் விடுவதுமாகச் சராசரி ஆறு வாரங்கள் தங்கியிருந்ததில், நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் ஏறத்தாழ இருபது சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் கோயிலில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கியிருந்தார் என்பது நான் அடிக்கோடிட விரும்பும் செய்தி. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் விட்டுச் செல்லப்பட்டவர்கள். நம்பிக்கையைக் குறித்து வாதாடுவதை விட, உடன் இருக்க அனுமதிக்கிறார்களா, கட்டுகிறார்களா, அடிக்கிறார்களா, சாப்பாட்டையும் மருந்தையும் நிறுத்தச் சொல்லுகிறார்களா என்று பார்த்துத் தீர்மானிப்பதே விவேகம். இந்தப் பரீட்சை கோயிலுக்கும் தர்காவுக்கும் ஜெபக்கூட்டத்துக்கும் பொருந்தும். சொகுசான தனியார் மருத்துவமனைக்கும் பொருந்தும். சாமிக்கு நேர்ந்துகொண்ட பிள்ளையை அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகக் கூடாதென்று எந்தச் சாமியும் சொன்னதில்லை.

எந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டாலும், குணம் தெரிகிறதா என்பதை மனப்போக்கில் தீர்மானிக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பார்ப்பது நலம்: இந்த வாரம் தங்கையை எத்தனை முறை அடித்தான், பள்ளிக்கூடத்திலிருந்து எத்தனை முறை ஆள் வந்தது என்ற அளவில் போதும். ஓரிரு வாரத்தில் தெய்வீக மாற்றத்தை எதிர்பார்த்து வைத்தியரை மாற்றுவதும், இரண்டு வருஷம் ஒரு பலனும் இல்லாமல் அதே வாசலுக்கு அலைவதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள். இரண்டு மூன்று மாதத்தில் எண்ணிக்கை சிறிதும் குறையவில்லையென்றால், ரோக நிர்ணயத்தை மீண்டும் பரிசீலிக்கும்படி கேட்கலாம்.

மருத்துவமனையில் சேர்த்தே தீரவேண்டிய நிலைமை சொற்பம். தன்னையோ பிறரையோ பெரும் அபாயத்துக்கு உள்ளாக்குகிற பிள்ளைக்கு அது நேரலாம். அதற்கென்று 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் விரிவான விதிகளைச் செய்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சேர்க்க, இரண்டு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, வெளியிலிருந்து சிகிச்சை தருவது இயலாது என்று ஒப்ப வேண்டும். பெரியவர்களின் வார்டில் வைக்கலாகாது. சங்கிலியால் பிணைப்பது யாருக்கும் கூடாது. மின் அதிர்ச்சிச் சிகிச்சை சிறுவர்களுக்குச் செய்யலாகாது; மிக அவசியமென்றால், பெற்றோரின் சம்மதத்தோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். பிள்ளை அங்கே இருக்கும் காலம் முழுவதும் பெற்றோரோ, அவர்களின் ஸ்தானத்தில் பொறுப்பேற்றவரோ உடன் தங்கியிருக்க வேண்டுமென்றும் சட்டம் கட்டளையிடுகிறது. பெண் குழந்தைக்குத் துணையாக இருப்பவர் ஆணாக இருப்பின், பெண் உதவியாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். பாதுகாவலர் என்று எழுதியிருக்கிறதே தவிரத் தாய் என்று எழுதியில்லை. பீடித்தட்டை மூடி வைத்துவிட்டு ஹைகிரவுண்டில் படுக்கையருகே காத்துக் கிடக்கிறவள் எப்போதும் தாயாகவே இருக்கவேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்தும் கிடையாது.